ஜேக்கப் காலியரைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு: எதில் தொடங்குவது, எதைத் தள்ளிவைப்பது

லண்டன்காரரான இசைக்கலைஞர் ஜேக்கப் காலியரைப் பற்றி இசை தெரிந்த இருவரிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். இந்தத் தலைமுறையின் மேதை என்பார் ஒருவர். வித்தை இருக்கிறது, பாட்டு இல்லை என்பார் மற்றவர். இரண்டையும் கேட்டுக் குழம்பி, ஏதோ ஒரு வீடியோவைப் பாதி பார்த்துவிட்டு மூடியவர்கள் பலர். அப்படி நடக்காமல், பத்து நாட்களில் உங்களுக்கென்று ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்ளும் வழியை இங்கே சொல்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். சண்டை போடும் இரு தரப்பும் பெரும்பாலும் ஒரே பதிவைக் கேட்டுவிட்டுச் சண்டை போடுவதில்லை. ஒருவர் மனதில் தனிப் பியானோவில் பாடும் காலியர் இருக்கிறார். இன்னொருவர் மனதில் நூற்றுக்கணக்கான டிராக்குகளை (தனித்தனியாகப் பதிந்த குரல், கருவி ஒலிகளை) அடுக்கிய காலியர் இருக்கிறார். எனவே கேட்கும் வரிசைதான் இங்கே முக்கியம்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

செலவு கிட்டத்தட்ட இல்லை. கீழே சொல்லும் பதிவுகளில் பெரும்பாலானவை யூடியூபிலேயே இலவசமாகக் கிடைக்கும். தேவை நான்குதான்: ஒரு ஹெட்ஃபோன், ஃபோனில் ஒரு இலவசப் பியானோ ஆப், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது நிமிடம்.

ஹெட்ஃபோன் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். காலியர் தன் குரலையே பல அடுக்குகளாகப் பதிந்து, ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம், ஒன்றை நடுவில் என்று பரப்பி வைப்பவர். ஃபோன் ஸ்பீக்கரில் அவை எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவியும். கீழ்க் குரல்களும் பேஸும் காணாமல் போகும். 'ஒரே இரைச்சல்' என்ற புகாரில் ஒரு பங்கு இதனால் வருவது. விலை உயர்ந்த ஹெட்ஃபோன் வேண்டாம். இரண்டு காதிலும் ஒழுங்காகக் கேட்கும் சாதாரண வயர் ஹெட்ஃபோன் போதும். ஆப்பில் ஸ்பேஷியல் ஆடியோ, பேஸ் பூஸ்ட் போன்றவை ஆன் ஆகி இருந்தால் முதல் சுற்றில் அணைத்துவிடுங்கள்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் மூன்று இடங்கள்:

- இலவசக் கணக்கில் சில ஆப்கள் ஆல்பத்தை வரிசை மாற்றிப் போடும். ஷஃபிள் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைக்க முடியாவிட்டால் யூடியூபில் பாட்டுப் பாட்டாகக் கேளுங்கள்.
- நீளமான பாட்டின் நடுவே விளம்பரம் வந்தால் ஹார்மனி (பல ஸ்வரங்கள் ஒன்றாக இசைந்து ஒலிப்பது) கட்டி எழுப்பிய உணர்வு அறுந்துபோகும். அப்படி நேர்ந்தால் அந்தப் பாட்டை முதலிலிருந்து மறுபடி போடுங்கள்.
- அவருடைய நான்கு தொகுதி ஆல்ப வரிசையை 'ஜெஸ்ஸி' என்றுதான் உச்சரிக்க வேண்டும். ஆனால் ஆங்கில எழுத்தில் அது 'டி'யில் தொடங்கும், அடுத்து 'ஜே' வரும் (Djesse). 'ஜே'யில் தொடங்கித் தேடினால் வேறு யாருடைய பாட்டோ வரும்.

2. முதல் மூன்று நாள்: ஒரு குரல், ஒரு கருவி

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திரை முழுக்கப் பல காலியர்கள் கட்டம் கட்டமாக நின்று பாடி வாசிக்கும் வீடியோவில்தான் அவர்கள் நுழைகிறார்கள். ஸ்டீவி வொண்டர் பாட்டொன்றை அப்படி அவர் 2013-ல் வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது, அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸின் கண்ணிலும் பட்டார். ஆனால் அந்த வீடியோக்களில் காது கேட்பதைவிடக் கண் எண்ணுவது அதிகம். இத்தனை கருவியா என்ற வியப்பு தீர்வதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

அதனால் 2022 உலகச் சுற்றுப்பயணத்தின் நேரடிப் பதிவான 'பியானோ பாலட்ஸ்' தொகுப்பில் தொடங்குங்கள். ஒரு பியானோ, ஒரு குரல், எதிரே ரசிகர்கள். அடுக்கிய டிராக் எதுவும் இல்லை. முதல் நாள் இரண்டு பாட்டு மட்டும் போதும். கண்ணை மூடிக்கொண்டு, இடது கை எப்போது மௌனமாகிறது என்று கவனியுங்கள். இவருக்கு நிறுத்தவே தெரியாது என்பது பரவலான குற்றச்சாட்டு. அது எந்த அளவு உண்மை என்பதை இங்கேதான் சுத்தமாகச் சோதிக்க முடியும்.

இரண்டாம் நாள், 2016-ல் வந்த முதல் ஆல்பமான 'இன் மை ரூம்'. வீட்டில் தன் அறையில் தானே வாசித்துப் பாடிப் பதிந்தது. முழுதாகக் கேட்க வேண்டாம். 'இன் தி ரியல் ஏர்லி மார்னிங்', 'ஹைட்அவே' என்ற இரண்டை மட்டும் எடுங்கள். முதலாவது பியானோவைச் சுற்றிய அமைதியான பாட்டு. இரண்டாவது கிட்டாரில் மெதுவாகத் தொடங்கி, நடுவே வேறெங்கோ போய், பிறகு தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். அந்தப் பயணம் பாட்டுக்குத் தேவைப்பட்டதா, ஒட்டவைத்ததுபோல் இருந்ததா? ஒரே வரியில் நோட்டில் எழுதுங்கள். பிறகு நீங்கள் மனம் மாறினால், எதில் மாறினீர்கள் என்று தெரிய இந்த வரி வேண்டும்.

மூன்றாம் நாள் 2025-ல் வந்த 'தி லைட் ஃபார் டேஸ்'. ஐந்து தந்தி கிட்டாரை மையமாக வைத்து நான்கே நாட்களில் பதிந்த ஆல்பம். அந்தக் கிட்டாரின் சுருதி அமைப்பு டி, ஏ, ஈ, ஏ, டி என்று நடுவிலிருந்து இருபுறமும் ஒன்றுபோல் விரியும். வழக்கமான ஆறு தந்தி அமைப்பில் எளிதில் எட்டாத, இடைவெளி அகன்ற கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) இதில் கைக்கு வரும். காலியர் மீது கோபமாக இருந்தவர்களுக்கும் தயங்காமல் இதைக் கொடுக்கலாம்.

இந்த மூன்று நாளிலும் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்றால் உங்களுக்கு அவருடைய குரலோ மெட்டோ ஒத்துவரவில்லை என்று பொருள். அப்போது அடுத்த கட்டங்கள் அதை மாற்றும் வாய்ப்பு குறைவு. அங்கேயே நிறுத்துவதில் தவறே இல்லை.

3. நான்காம், ஐந்தாம் நாள்: மூலப் பாட்டைக் கேட்காமல் அவருடையதைக் கேட்காதீர்கள்

காலியரின் பெயரைப் பரப்பியவை பிறர் பாட்டுகளை அவர் மாற்றி அமைத்த விதங்கள். மூலம் தெரியாமல் கேட்டால் எதை மாற்றினார் என்றே தெரியாது. எல்லாம் குழப்பமாகத்தான் படும். இவரைப் புரியவில்லை என்பவர்களில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

முதலில் 'மூன் ரிவர்'. 1961 திரைப்படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் பாடிய வடிவத்தை இரண்டு முறை கேளுங்கள். தேர்ந்த பாடகியல்லாத அவருடைய குரலுக்கு ஏற்ப, ஒரு ஸ்தாயிக்குச் சற்றே மேல் போகும் எல்லைக்குள் ஹென்றி மான்சினி அமைத்த மெட்டு அது. முணுமுணுக்கும் அளவுக்கு மெட்டு மனதில் நின்ற பிறகு, 2019-ல் வந்த 'ஜெஸ்ஸி' இரண்டாம் தொகுதியில் காலியரின் வடிவத்துக்குப் போங்கள்.

அதை மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை, மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். மற்றதெல்லாம் பின்னால் ஓடட்டும். இரண்டாம் முறை, எல்லாவற்றுக்கும் அடியில் கேட்கும் குரலை மட்டும். அது எங்கே நகர்கிறதோ அங்கேதான் பாட்டின் நிறம் மாறுகிறது. மூன்றாம் முறை, எதையும் பின்தொடராமல் சும்மா. மெட்டின் ஸ்வரம் அசையாமல் நிற்க, அடியில் தரை மட்டும் மாறும் இடங்கள் இப்போது தாமாகவே கேட்கத் தொடங்கும்.

அது எப்படி நடக்கிறது என்று தெரிய ஐந்து நிமிடம் பியானோ ஆப்பைத் திறங்கள். வலது கையில் சி ஸ்வரத்தை விடாமல் பிடியுங்கள். இடது கையில் முதலில் எஃப் மேஜர் கார்டு (எஃப், ஏ, சி). சி அதில் ஐந்தாம் ஸ்வரம், உறுதியாக உட்காரும். அடுத்து ஏ ஃப்ளாட் மேஜர் (ஏ ஃப்ளாட், சி, ஈ ஃப்ளாட்). அதே சி இப்போது மூன்றாம் ஸ்வரம், இனிமை கூடும். அடுத்து டி ஃப்ளாட் மேஜர் (டி ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட்). அதே சி ஏழாம் ஸ்வரம், ஏங்குவதுபோல் ஒலிக்கும். நீங்கள் பிடித்த ஸ்வரம் மாறவே இல்லை. காலியர் செய்வதில் பெரும்பகுதி இதன் நீட்சி. கார்டுகள் இன்னும் தடிமனானவை, மாற்றங்கள் இன்னும் வேகமானவை, அவ்வளவுதான்.

அடுத்தது 2016-ல் அவர் வெளியிட்ட 'இன் தி ப்ளீக் மிட்விண்டர்'. இது ஆங்கிலேயக் கிறிஸ்துமஸ் பாடல், குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மெட்டு. முதலில் ஏதாவது ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் வடிவத்தைக் கேளுங்கள். காலியருடையது முழுக்க முழுக்க அவர் குரல்களாலேயே ஆனது, கருவி கிடையாது. ஈ மேஜரில், அதாவது ஈ ஸ்வரத்தை ஆதாரமாக வைத்துத் தொடங்கும் பாட்டின் ஆதார ஸ்வரம் கடைசிச் சரணத்துக்கு வரும்போது ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் சரி நடுவில் போய் நிற்கும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே இல்லை. குரல்கள் ஒன்றோடொன்று சுத்தமாக இசைந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதால், தாவியது தெரியாமலே அங்கே போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

சரிபார்ப்பது எளிது. தொடக்கத்தில் ஆப்பில் ஈ ஸ்வரத்தை அழுத்துங்கள், பொருந்தும். கடைசிச் சரணத்தில் ஜி அழுத்துங்கள், தணிவாகக் கேட்கும். ஜி ஷார்ப் அழுத்துங்கள், உயர்ந்து கேட்கும். ட்யூனர் ஆப்பை நேராகப் பாட்டின் முன் பிடிக்காதீர்கள்; பல குரல் ஒன்றாக ஒலிக்கும்போது அது ஊசியை அங்குமிங்கும் ஆட்டும். எண்ணாகத்தான் பார்க்க வேண்டுமென்றால், ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் ஜி 392, ஜி ஷார்ப் சுமார் 415. இவற்றின் நடுப்புள்ளி 403.5 ஹெர்ட்ஸ் அருகில் வரும்.

இப்போது முக்கியமான கேள்வி. ஆப் இல்லாமல், இந்தத் தகவல் இல்லாமல் கேட்டிருந்தால் அந்தக் கடைசிச் சரணம் உங்களை ஏதாவது செய்திருக்குமா? ஆம் என்றால் வித்தை பாட்டுக்கு உழைத்திருக்கிறது. விளக்கம் படித்த பிறகுதான் வியப்பு வந்தது என்றால், எதிர்த்தரப்பு சொல்வதில் உங்களுக்கு நியாயம் இருக்கிறது. எங்கள் காதுக்கு இந்தப் பாட்டில் வித்தை உழைக்கிறது. 'மூன் ரிவர்' பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டோம். அதன் சில பகுதிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன.

4. ஆறாம் நாள் முதல்: 'ஜெஸ்ஸி' நான்கு தொகுதி

நான்கும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியவை அல்ல. ஒரு நாளைக்கு ஒரு தொகுதி, அதுவும் பாதி பாதியாக. 2018-ல் வந்த முதல் தொகுதி நெதர்லாந்தின் மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்ராவுடன் சேர்ந்த பெரிய ஒலி. இரண்டாம் தொகுதி சிறிய குழு, நாட்டுப்புற இசைக் கலைஞர்கள், மரக் கருவிகளின் நெருக்கம். 2020-ன் மூன்றாம் தொகுதி மின்னணு ஒலி, ஆர் அண்ட் பி. 2024-ன் நான்காம் தொகுதி மனிதக் குரலை நடுவில் வைத்தது; சுற்றுப்பயணங்களில் பதிந்த ரசிகர்களின் குரல்களே அதில் கோரஸாக ஒலிக்கும்.

புதியவர்களுக்கு வரிசை 2, 4, 1, 3. வெளிவந்த வரிசையில் போனால் முதல் தொகுதியின் பிரம்மாண்டம் சோர்வு தரும். நான்காம் தொகுதியில் 'எ ராக் சம்வேர்' என்ற பாட்டைத் தவறவிடாதீர்கள். அனுஷ்கா சங்கரின் சிதாரும் வாரிஜாஸ்ரீ வேணுகோபாலின் கர்நாடகக் குரலும் அதில் உண்டு. ராகத்தில் தோய்ந்த குரலுக்கு அடியில் அவர் ஹார்மனியை எவ்வளவு அடக்கி வைக்கிறார், எங்கே அடக்கவில்லை என்று நம் காதால் தீர்ப்புச் சொல்ல முடிகிற பாட்டு அது.

மூன்றாம் தொகுதியில்தான் கருத்துகள் மிகக் கடுமையாகப் பிரிகின்றன. ஒலிகள் அடர்த்தியானவை, திருப்பங்கள் திடீரென வருபவை. 'டைம் அலோன் வித் யூ' பாட்டில் டிரம்ஸ் தாளத்துக்குச் சற்றே பின்தங்கி நடக்கும். முதல் கேட்பில் தப்பு வாசிப்பதுபோல் இருக்கும். தாளம் போடாமல் தலையை மட்டும் அசைத்துக் கேளுங்கள், இரண்டாம் முறை உடல் பிடித்துக்கொள்ளும். அந்த நாளில் வேறு எந்தத் தொகுதியும் வேண்டாம். களைத்த காதுக்கு எல்லாமே அதிகமாகத்தான் கேட்கும்.

5. புகார்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதியுங்கள்

'பிடிக்கவில்லை' என்ற ஒரு சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு புகார்கள் இருக்கும். ஒட்டுமொத்தமாக எடுத்தால் விவாதம் எங்கும் போகாது.

'அளவுக்கு மீறிப் போகிறார்.' இதற்கு ஒரே பாட்டின் ஸ்டுடியோ வடிவத்தையும் பியானோ வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பியானோ வடிவம் நெஞ்சைத் தொட்டு, ஸ்டுடியோ வடிவம் தொடவில்லை என்றால் உங்கள் புகார் அரேஞ்ச்மென்ட் (பாட்டைக் குரல்களுக்கும் கருவிகளுக்கும் அமைத்த விதம்) மீதுதான், ஆள் மீது அல்ல. நாங்களும் பல பாட்டுகளில் இந்தப் பக்கம்தான்.

'பிறர் பாட்டை மாற்றுவதில் கெட்டி, சொந்தப் பாட்டு நிற்பதில்லை.' இது கனமான புகார். அவருக்குக் கிராமி விருதுகள் வந்தது அரேஞ்ச்மென்ட் பிரிவுகளில். மூன்றாம், நான்காம் தொகுதிகள் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பட்டியலில் இடம்பெற்றும் அந்த விருது கிடைக்கவில்லை. விருதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், சோதனை எளிது. அவர் எழுதிய 'லிட்டில் ப்ளூ', 'ஹைட்அவே' இரண்டையும் ஒரு வாரம் கேட்காமல் விடுங்கள். பிறகு மெட்டு நினைவில் இருக்கிறதா என்று முனகிப் பாருங்கள். வார்த்தைகளில் ஒரு வரியாவது நிற்கிறதா? மெட்டு நின்று வரிகள் நிற்காமல் போவது பலருக்கு நடக்கிறது, அந்த விமர்சனத்தை ஒதுக்க முடியாது.

'இது ஜாஸே இல்லை.' இதற்கு நேரம் செலவிடாதீர்கள். ஜாஸ் பியானோ மேதை ஹெர்பி ஹான்காக் போன்றவர்கள் அவரோடு ஜாஸ் மொழியில்தான் பேசுகிறார்கள். ஆனால் ஆல்பங்களில் பாதிக்கு மேல் பாப், சோல், நாட்டுப்புறம், கோரஸ். ஜாஸ் வேண்டுமென்று போனால் ஏமாற்றம்தான். அவருடைய உடனடிக் கற்பனை வேண்டுமென்றால் ஸ்நார்க்கி பப்பி குழுவோடு அவர் பாடி வாசித்த 'டோன்ட் யூ நோ' நேரடிப் பதிவைப் பாருங்கள். மற்றவர்கள் வாசிக்கும்போது அவர் விலகி நிற்கும் நொடிகளும் அதில் உண்டு.

குரல் பிடிக்கவில்லை என்பது ருசி. அதற்குச் சோதனை கிடையாது.

6. விளக்க வீடியோக்கள்: கேட்ட பிறகுதான்

பத்தாம் நாளுக்கு முன் இவற்றைத் தொடாதீர்கள். காரணம், காலியர் விளக்குவதில் அபாரமானவர். அவர் சொல்லக் கேட்டால் எந்தக் கார்டும் நியாயமாகத் தோன்றும், உங்கள் காது தன் தீர்ப்பை விட்டுவிடும்.

தொடங்க நல்லது 2018-ல் வயர்டு இதழ் வெளியிட்ட வீடியோ. ஹார்மனி என்றால் என்ன என்று ஐந்து நிலைகளில் விளக்குவார். ஒரு குழந்தையில் தொடங்கி ஹெர்பி ஹான்காக்கில் முடியும். முதல் இரண்டு நிலைக்கு இசைப் படிப்பே வேண்டாம். மூன்றாவதில் தடுமாறினால் அங்கே நிறுத்திவிட்டு, மேலே சொன்ன சி ஸ்வரப் பயிற்சியை மறுபடி செய்து பாருங்கள்.

அதன் பிறகு லாஜிக் என்ற இசைப்பதிவு மென்பொருளில் அவர் தன் பாட்டுகளைப் பிரித்துக் காட்டும் வீடியோக்கள். இவை நீளமானவை, ஒரே அமர்வில் முடியாது. ஏற்கனவே பல முறை கேட்ட பாட்டுக்கான வீடியோவை மட்டும் எடுங்கள். டிராக்குகளை ஒவ்வொன்றாகத் தனித்து ஒலிக்க விடும் இடங்களில் நிறுத்தி, முழுப் பாட்டில் அந்தக் குரல் கேட்டதா என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். கேட்டிருந்தால் சரி. தனியாக அழகாக இருந்து முழுப் பாட்டில் கேட்காமல் போன குரல்கள் எத்தனை என்று எண்ணினால், அடர்த்தி பற்றிய புகாருக்கு உங்கள் கையிலேயே ஆதாரம் இருக்கும்.

'நெகட்டிவ் ஹார்மனி' என்ற இசைக் கோட்பாட்டின் பெயரும் இந்தச் சமயத்தில் கண்ணில் படும். அதைப் புரிந்துகொள்ளாமல் இவரை ரசிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

7. நேரடி நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கலாமா?

இந்த வழியில் பணம் செலவாகும் இடம் இதுதான், அதனால் கடைசி. முன்பதிவு திறந்தவுடன் பதற வேண்டாம். முதலில் அந்த நிகழ்ச்சி எந்த வகை என்று பாருங்கள். தனிப் பியானோவா, முழுக் குழுவா, ஆர்கெஸ்ட்ராவுடனா? மூன்றும் மூன்று வேறு அனுபவம். அறிவிப்பில் தெளிவாக இல்லை என்றால் அதே சுற்றுப்பயணத்தின் முந்தைய ஊர்களில் ரசிகர்கள் எடுத்த வீடியோக்களில் மேடையைப் பார்த்தாலே தெரியும்.

மேடையில் கேட்கும் பல குரல்களை முன்பே பதிந்து ஓட விடுகிறார் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பென் ப்ளூம்பெர்க் அவருக்காக உருவாக்கிய ஹார்மனைசர் கருவி, அவர் மைக்கில் பாடும் குரலை, கீபோர்டில் விரல் அழுத்தும் ஸ்வரங்களுக்கு ஏற்ப அந்த நொடியிலேயே பல குரலாக்கித் தரும். கீபோர்டில் கையை எடுத்தால் துணைக் குரல்கள் நிற்கும். விரல்களைக் கவனித்தால் போதும், பதிவா நேரடியா என்று கண்டுபிடித்துவிடலாம்.

ரசிகர்களைப் பாட வைப்பது எல்லா நிகழ்ச்சியிலும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அரங்கை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஸ்வரம் கொடுப்பார். கையை உயர்த்தினால் அடுத்த ஸ்வரத்துக்கு ஏற வேண்டும், தாழ்த்தினால் இறங்க வேண்டும். ஒத்திகை கிடையாது, இசை தெரிந்திருக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் பாடுவதைக் கேட்டு அதோடு சேர்ந்தாலே சரியான இடத்தில் இருப்பீர்கள். இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அரங்கின் நடுப்பகுதியை எடுங்கள். ஓரத்தில் அமர்ந்தால் உங்கள் பகுதியின் ஸ்வரம் மட்டுமே காதை நிறைக்கும். மூன்றும் கூடிக் கார்டாக மாறுவது நடுவில் இருப்பவர்களுக்குத்தான் முழுதாகக் கேட்கும்.